பாட்டு நின்றால் திரும்பு

கடையடைப்பு நாளில் பெரிய மார்க்கெட்டுக்குப் போய், இழுத்து மூடிய கடைகளுக்கு முன்னால் அரை மணி நேரம் கூடையோடு நின்றுவிட்டு, காலிக் கூடையோடு வீடு திரும்பிய மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். அன்று புதன்கிழமை. புதன்கிழமை காலையில் மார்க்கெட்டுக்குப் போவது என்று அவர் என்றைக்கோ முடிவு செய்திருந்தார். "மீனு எங்க?" என்று அவர் மனைவி கேட்டதற்கு, "மார்க்கெட்டுக்குப் போறதுதான் உத்தரவு. மீனோட வரணும்னு உத்தரவு இல்ல" என்றார். அந்த உத்தரவைப் போட்டவரும் அவரேதான்.

குருசுக்குப்பத்தில் அவர்கள் வீட்டு மாடியில் ஆறு வருடம் குடியிருந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் தெருவில் அவருக்கு 'சொல்தா' என்று பெயர். நேரில் எல்லோரும் பிரெஞ்சு மரியாதையோடு 'முசே' என்போம். அவர் மனைவியை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். இப்போது இரண்டு பேரும் பிரான்சில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். பட்டாளத்துக்காரர் என்றதும் ஊரை அதட்டுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். மற்றவர்களுக்கு அவர் ஒரு நாளும் உத்தரவு போட்டதில்லை. எல்லாம் தனக்குத்தானே போட்டுக்கொள்வது. போட்டதைப் பிறகு அவராலேயே எடுக்க முடியாது.

வெளியே கிளம்பும்போது குடையை விரித்தால் வீடு திரும்பித்தான் மடக்குவது என்பது அவற்றில் ஒன்று. தூறல் நின்று வெயில் வந்தாலும் சரி, மார்க்கெட் கூரைக்குக் கீழே போனாலும் சரி. "யோவ் சொல்தா, உள்ள ஏதுய்யா மழை? கண்ணைக் குத்திடாத!" என்று மீன்காரப் பெண்கள் கத்துவார்கள். "பர்தோன், பர்தோன்" என்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விரித்த குடையோடு கடைசி வரிசை வரை போவார். மன்னிப்புக் கேட்கிற நேரத்தில் மடக்கியிருக்கலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதாக வருடத்துக்கு ஒரு முறை சான்று காட்ட வேண்டும். அந்த நாளில் எங்கள் வாசலில் கல்யாணக் களை வந்துவிடும். கோட்டு, பளபளக்கும் பூட்ஸ், நெஞ்சில் இரண்டு பதக்கம். ஒரு வருடம் நூற்றி இரண்டு டிகிரி காய்ச்சல். ஆட்டோவில் சாய்ந்து உட்காரச் சொன்னேன். "உசுரோட இருக்கேன்னு சொல்லப் போறவன் படுத்துக்கிட்டா போவான்?" என்று கேட்டுவிட்டு, முதுகு சீட்டில் படாமல் நிமிர்ந்தபடியே போய் வந்தார். திரும்பி வந்து மூன்று நாள் படுத்தே கிடந்தார்.

இப்படிப்பட்டவரிடம் அவர் மகள் ஒரு லீவில் வந்தபோது பாட்டுப் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சாம்பல் நிறம், முதுகில் ஒரு கீறல், வயர் வைத்த இயர்ஃபோன். பாதி பட்டாள பேண்டு வாத்தியம், பாதி பழைய தமிழ்ப் பாட்டு. காலை நடைக்கு அது இல்லாமல் கிளம்ப மாட்டார். அதற்கும் ஒரு உத்தரவு பிறந்தது.

"வாத்தியம் வாசிக்கிற வரைக்கும் காலு நிக்கக் கூடாது. வாத்தியம் நின்னா ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. அபௌட் டர்ன், வூடு."

அதாவது, பாட்டு எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் திரும்பிவிட வேண்டும். பெட்டி புதிதாக இருந்தபோது இதில் சிக்கல் இல்லை. கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியை எட்டும்போது அவர் போட்டு வைத்திருந்த பாட்டு வரிசை முடிந்துவிடும். அவருக்குப் பக்கத்தில் நானும் மூச்சு வாங்கிக்கொண்டு நடப்பேன். உடம்பைக் குறைக்கலாம் என்று சேர்ந்தவள் நான். கல்லூரி ஆபீசில் உட்கார்ந்து உட்கார்ந்தே பெருத்த உடம்பு.

பிறகு பாட்டரி தேய ஆரம்பித்தது. ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டாலும் தெற்குக் கோடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே பெட்டி உயிரை விட்டது. அவர் சட்டென்று நின்று திரும்பினார். நானும் திரும்பினேன். ஒரு மாதத்தில் கலங்கரை விளக்கத்தோடு திரும்பினோம். அப்புறம் காந்தி சிலை. தீபாவளிக்குள் கடற்கரையே போய்விட்டது, தெருமுனை டீக்கடையோடு திரும்பினோம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. நடைக்குப் போய் வந்தேன் என்று ஆபீசில் சொல்லிக்கொள்ளலாம். வியர்க்கவும் வியர்க்காது. டீக்கடை வரை வந்துவிட்டோமே என்று நான் ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிடுவேன். அவர் கால் மாற்றி வைக்காமல் எனக்காகக் காத்திருப்பார்.

கடைசியில் ஒரு நாள் பெட்டி எங்கள் வாசல் கேட்டிலேயே நின்றுபோனது. அவர் கேட்டுக்கு வெளியே ஒரு கால், உள்ளே ஒரு கால். அப்படியே திரும்பி உள்ளே போனார்.

பெரியம்மாவுக்கு மட்டும் இது விளையாட்டாக இல்லை. முசேவின் இடது முட்டி தேய்ந்துபோயிருந்தது. முட்டியை மாற்றிவிடுவதுதான் நல்லது, அதற்கு மாட்டேன் என்றால் தினமும் நடந்தாக வேண்டும், நடை நின்றால் படுக்கைதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முட்டியை மாற்ற முசே ஒப்பவில்லை.

"எழுவது வருஷம் என்கூட வந்த முட்டி. தேஞ்சிட்டா கழட்டிப் போட்டுடறதா?"

"சரி முசே, அந்தப் பெட்டியோட பாட்டரியயாவது மாத்துவோம். நல்லா நடக்கலாமே" என்றேன்.

"அதுவும் என்கூட நடந்ததுதான். ரெஸ்ட்டு குடுத்தா எந்திரிச்சிடும். யாரும் அதைத் தொறக்கக் கூடாது."

உத்தரவு போட்டாயிற்று. பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றி, தலையணைக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அதற்கு முழு விடுப்பு. கேட்டில் பாட்டு நிற்க, கேட்டிலேயே அவர் திரும்ப, பத்து நாளில் நாற்காலியிலிருந்து எழும்போதே 'ஆ' என்று முனக ஆரம்பித்தார். முனகியதை யாரும் கேட்டுவிடக் கூடாது என்று கூடவே இருமுவார்.

அடுத்த புதன்கிழமை அவர் கூடையோடும் குடையோடும் மார்க்கெட்டுக்குக் கிளம்பியதும் பெரியம்மா மாடியேறி வந்தார். முந்தானையில் இருந்து, பெட்டியைச் சுற்றிய அந்தக் கைக்குட்டையை எடுத்தார்.

"ஏம்மா, அவரு வர்றதுக்குள்ள இதை மாத்திக் கொண்டாந்துடு. இவரு படுத்துட்டாருன்னா அப்புறம் எழுப்ப முடியாதும்மா."

"தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு பெரியம்மா."

"உத்தரவு போட்டது அவரு. நீயும் நானும் பட்டாளத்துலயா இருக்கோம்?"

நேரு வீதிக்குப் பக்கத்துச் சந்தில் செல்போன் ரிப்பேர் கடை. கடைக்காரர் பெட்டியின் முதுகைச் சூடு காட்டி இளக்கி, பிளாஸ்டிக் தகடு ஒன்றை விளிம்பில் நுழைத்து மெல்ல நெம்பினார். உள்ளே இருந்த பாட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது.

"வீங்கிப்போச்சிக்கா. இவ்ளோ நாளு எப்டி ஓட்டினீங்க? குத்திக்கித்தி இருந்தா தீப்புடிச்சிருக்கும்."

"ரெஸ்ட்டு குடுத்தோம்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, நூல் போல இருந்த ஒரு கேபிளைக் கழற்றினார். அந்த நேரத்தில் சந்துமுனையில் ஒரு குடை வந்தது. காலையில் இரண்டு சொட்டு விழுந்திருந்தது, அவ்வளவுதான். இப்போது சுள்ளென்று வெயில். ஊரில் அந்த நேரத்தில் விரித்த குடை ஒன்றுதான் இருக்க முடியும். நான் கடைக்காரரின் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டேன். என் உடம்புக்கு அந்த மேசை போதவில்லை, பாதிதான் உள்ளே போனது. பூட்ஸ் சத்தம் கடை வாசலில் நின்றது. "போன்ழூர்" என்றது குரல். கடைக்காரர் "வணக்கம்" என்றார். குடை கம்பத்தில் இடித்தது, "பர்தோன்" என்று கம்பத்திடம் மன்னிப்புக் கேட்டது, போய்விட்டது.

"யாருக்கா அது, கடன்காரரா?" என்றார் கடைக்காரர்.

"வூட்டு ஓனர்" என்றேன். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலத் தலையாட்டினார்.

நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. பழைய பாட்டரியை மணல் போட்ட டப்பா ஒன்றில் வைத்தார், குப்பைக்கு அனுப்பக் கூடாதாம். "புதுசு நல்ல பாட்டரிக்கா. பதினாலு மணி நேரம் தாராளமா ஓடும்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அவர் வீடு சேர்வதற்குள் பெட்டி பழையபடி தலையணைக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. பதினாலு மணி நேரம் என்றால் என்ன ஆகும் என்று நானும் யோசிக்கவில்லை, பெரியம்மாவும் யோசிக்கவில்லை. பாட்டு வரிசை முடிந்தால் மறுபடி முதலில் இருந்து ஓடும்படி அவருக்கு வைத்துக் கொடுத்ததும் நான்தான். கேட்டிலேயே நிற்கிற காலத்தில், ஒரு பாட்டாவது முழுசாக ஓடட்டும் என்று எதை எதையோ அமுக்கியபோது செய்த வேலை அது.

மறுநாள் வியாழக்கிழமை காலை எனக்குத் தூக்கம் கலையவில்லை. ஏழரைக்குப் பெரியம்மா கதவைத் தட்டினார்.

"அஞ்சரைக்குப் போனவரு இன்னும் வரலம்மா."

அப்போதுதான் எனக்கு அந்தப் பதினாலு மணி நேரம் ஞாபகம் வந்தது. அவர் செல்போன் எடுத்துப் போவதில்லை, அது இன்னொரு உத்தரவு. பெரியம்மாவை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். கடற்கரைச் சாலையைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, "கைய வீசிக்கிட்டுத் தெக்கால போனாரே, சிரிச்ச மொகமா" என்றார். முதலியார்பேட்டை சிக்னலில் ஒரு பூக்காரர், "செவப்பு லைட்டுக்கு நின்னாரு. ஆனா காலு நிக்கல, நின்ன எடத்துலயே நடந்தாரு" என்றார். அரியாங்குப்பம் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில், "தண்ணி கேட்டாருங்க. கிளாஸைக் குடுத்தா நடந்துக்கிட்டே குடிச்சாரு. கிளாஸை வாங்க நான்தான் கூடவே ஓடினேன்" என்றார்கள். ஒவ்வோர் இடத்திலும் பெரியம்மா என் முதுகில் ஒரு குத்து விட்டார்.

நோணாங்குப்பம் படகுத் துறையில் படகு ஏறும் வரிசையில் இருந்தார். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டியிருந்தார். காதில் இயர்ஃபோன். முன்னால் இருந்தவர் முதுகில் இடிக்காமல், நின்ற இடத்திலேயே லெஃப்ட் ரைட் போட்டுக்கொண்டிருந்தார். இடது முட்டி கால்சட்டைக்குள் உருண்டையாகப் புடைத்திருந்தது. அவரைச் சுற்றி நின்று நாலு பேர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

படகுக்காரர் எங்களிடம் ஓடி வந்தார். "உங்க வூட்டு ஆளாம்மா? போட்டுல உக்கார மாட்டாராம். நின்னுக்கிட்டே கால ஆட்டுவாராம். கவுந்துடும்மா!"

"எங்க போறீங்க?" என்று பெரியம்மா கத்தினார்.

"ரோடு முடிஞ்சிபோச்சி" என்றார் முசே, லெஃப்ட் ரைட் போட்டபடியே. "பாட்டு முடியல. அந்தப் பக்கம் மணலு இருக்குதாம், போட்டுல போனா நடக்கலாம்."

"நிறுத்துங்கய்யா!"

"நான் எப்டி நிறுத்தறது? அது நிறுத்தணும்." முகமெல்லாம் வியர்வை. ஆனால் பெருக்குகிற அம்மா சொன்னது சரி, சிரித்துக்கொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்ததும், "பாத்தியா மதாம்? ரெஸ்ட்டு குடுத்தா எந்திரிச்சிடும்னு சொன்னேன்ல? எந்திரிச்சிடுச்சி! அதுவே எந்திரிச்சிடுச்சி, முட்டி எந்திரிக்காதா?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டி தானாக எழுந்ததை நம்பித்தான் அத்தனை தூரம் நடந்திருக்கிறார். "முசே, அது எந்திரிக்கல. நான்தான் பாட்டரிய மாத்தினேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. கால் நிற்கவில்லை. அவ்வளவு கோபமான ஒரு முகத்தையும் அவ்வளவு ஒழுங்கான இரண்டு கால்களையும் ஒரே ஆளிடம் நான் பார்த்ததில்லை. இதற்கு மேல் தாங்காது என்று அவர் சட்டைப்பையில் இருந்த பெட்டியின் பட்டனை எட்டி அமுக்கினேன். பாட்டு நின்றது. அவரும் நின்றார். முட்டி மடங்க, மிதவைச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்தார். பெரியம்மா அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போக, நான் ஸ்கூட்டரில் பின்னால் வந்தேன்.

ஒன்பது நாள் அவர் என்னிடம் பேசவில்லை. காரணத்தைப் பெரியம்மா மூலம் சொல்லி அனுப்பினார். முதுகுக்குப் பின்னால் பாட்டரியை மாற்றியது ஒன்று, அதை மன்னிக்கலாமாம். வாத்தியம் வாசிக்கும்போது பட்டனை அமுக்கி நிறுத்தியது இரண்டு, அது பட்டாளத்தை விட்டு ஓடுவதற்குச் சமமாம். இனி அந்தப் பட்டனை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவும் போட்டுவிட்டாராம்.

பத்தாம் நாள் கீழே கூப்பிட்டார். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முட்டியில் ஐஸ் பை, மடியில் பாட்டுப் பெட்டி.

"பாட்டு அதேதான்" என்றார்.

"ஆமாம் முசே."

"கீறல் கூட அதே எடத்துல இருக்கு."

"உள்ள மட்டுந்தான் மாத்துனாங்க."

"எவ்ளோ நேரம் ஆச்சி?"

"நாப்பது நிமிஷம்."

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வலிச்சிருக்குமா?" என்று கேட்டார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, "மயக்க மருந்து குடுத்துட்டுத்தான் பண்ணாங்க முசே" என்றேன். நல்லது என்று தலையாட்டினார். பிறகு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, "டாக்டருக்குப் போன் போடு. மாத்திடச் சொல்லு" என்றார். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. பெரியம்மா வெளியே வரவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

புது முட்டியோடு வீடு திரும்பியவரிடம் டாக்டர், தினமும் வாக்கரோடு தெருமுனை டீக்கடை வரை மட்டும் போய் வர வேண்டும், அதற்கு மேல் ஓரடி வைத்தாலும் தையல் பிரியும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். முதல் நாள் காலை இயர்ஃபோனை மாட்டப் போனவர் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார்.

"அந்தப் பழைய பாட்டரி எங்க?"

"எதுக்கு முசே?"

"அதைத் திரும்பப் போடணும். இத்தனை நாளு ரெஸ்ட்டு எடுத்ததுக்கு அது டீக்கடை கிட்ட நிக்கும். இது எங்க நிக்கும்?"

கடைக்காரர் அதை எப்போதோ ஒழித்துவிட்டார் என்றேன். "நல்ல பாட்டரியப் போயித் தூக்கிப் போட்டுட்டீங்களே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். பாட்டு இல்லாமல் நடக்கலாமே என்றால், அதற்கு உத்தரவு இல்லை. பட்டனைத் தொடவும் கூடாது. பெரியம்மா செருப்பை மாட்டிக்கொண்டார். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடத்தில் முசேவோடு நடைக்கு அவர் வந்தது அன்றுதான்.

கிளம்பினோம். வாக்கர், லெஃப்ட், ரைட். பெரியம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். டீக்கடை வந்தது. முசே நிற்கவில்லை. வாக்கரைத் தூக்கி அடுத்த அடிக்கு முன்னால் வைத்தார். கடற்கரைப் பக்கம் பார்த்த முகத்தில் கொஞ்சம் பயம் இருந்தது. தன்னால் நிற்க முடியாது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

பெரியம்மா எட்டி, அவர் காதுகளில் இருந்த இயர்ஃபோன் இரண்டையும் உருவினார்.

"நின்னுபோச்சி" என்றார்.

இயர்ஃபோன் வாக்கர் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பேண்டு வாத்தியம் முழங்கியது. எனக்கே கேட்டது, டீக்கடைக்காரருக்கும் கேட்டிருக்கும்.

முசே தொங்குகிற இயர்ஃபோனைப் பார்த்தார். பெரியம்மாவைப் பார்த்தார்.

"பாட்டரி போயிடுச்சா?"

"போயிடுச்சி."

"சுத்தமாவா?"

"சுத்தமா."

சாட்சிக்கு என்னைப் பார்த்தார். "ஆமாம் முசே, போயிடுச்சி" என்றேன்.

பிறகு வாக்கரோடு ஆறேழு சின்ன அடி வைத்துச் சுற்றித் திரும்பினார். "அலே" என்று, நடக்கச் சொல்லித் தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். வழி முழுக்க வாத்தியம் வாசித்துக்கொண்டே வந்தது, புது முட்டி தாளம் தப்பாமல் கூடவே வந்தது.